நாலாம் மாடியில் காலடி மண்

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. சுஷ்மிதா இதைத் திருச்சியில் கேட்டு வளர்ந்தாள். பாரிஸில்தான் அது உபயோகப்பட்டது. எதிர்வீட்டுக் கோசலை ஒரு சட்டியில் கத்தரிக்காய்ப் பால்கறி கொடுத்தால், கழுவிய சட்டியில் எலுமிச்சைச் சாதம் போகும். அதற்குப் பதிலாக ஒரு தட்டில் றோல்ஸ் வரும். தட்டும் சும்மா திரும்பாது. இப்படி நாலாம் மாடியில் ஏதாவது ஒரு பாத்திரம் எப்போதும் வீடு மாறிக் கிடந்தது. அது கிடக்கும்வரை கதவைத் தட்ட ஒரு காரணம் இருந்தது.

அவளிடம் வேறு காரணங்கள் அதிகம் இல்லை. எடின்பரோவில் படிக்கும்போதே மணவாழ்க்கை முறிந்துபோனது, சண்டை இல்லாமல். திருச்சியில் அண்ணன் ஹரியின் வீட்டுப் பரணில் அவளுடைய பெட்டி ஒன்று இருந்தது. பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆய்வை வழிநடத்தும் பேராசிரியை செசில் அவளிடம் அன்பாக இருந்தாள். அன்பு மின்னஞ்சலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எதிர்வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மற்ற நாட்கள் அதற்கு முன்னும் பின்னும் கிடந்தன.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ரயில் பாதைக்கு முதுகைக் காட்டி நிற்கும் பழைய கட்டடம் அது. லிஃப்ட் கிடையாது. நாலாம் மாடியில் மூன்று கதவுகள். ஒன்றில் ஜிஸ்லேன் என்ற வயதான பிரெஞ்சுக்காரி, பூனையோடு. ஒன்றில் கோசலை, அவளுடைய தம்பி துஷ்யந்தன், தம்பி மனைவி சாம்பவி, அவர்களுடைய குழந்தை கிருஷிகன். துஷ்யந்தன் ருவாஸி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன். சாம்பவி பாரிஸின் புறநகரான பொண்டியில் வளர்ந்தவள், ஒரு பார்மசியில் வேலை. வீட்டை நடத்துவது கோசலை. ஐம்பதைத் தாண்டியவள். தம்பியை யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டு, வேலை எடுத்துக் கொடுத்து, கட்டிவைத்தவள். அவளிடம் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

மூன்றாவது கதவு சுஷ்மிதாவுடையது. ஒற்றை அறை.

அவள் ஆராய்வது சூனியக்காரிகளை. முதல் நாளே கோசலையிடம் அதைச் சொல்லியிருந்தாள்.

"ஸ்கொட்லாந்திலயோ? வெள்ளைக்காரருக்கும் சூனியமோ?"

"நானூறு வருஷத்துக்கு முந்திக்கா. ஆயிரக்கணக்குல பிடிச்சாங்க. பெரும்பாலும் பொம்பளைங்க."

"பிடிச்சு?"

"கம்பத்துல கட்டி, கழுத்தை நெரிச்சு, அப்புறம் எரிச்சாங்க."

"செத்தாப் பிறகு எரிக்கிறது நாங்களும் செய்யிறதுதானே." கோசலை வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "உதைப் படிக்கவோ உனக்குச் சம்பளம் தாறாங்கள்?"

"தர்றாங்க."

"பிரான்சில எதுக்கும் குடுப்பாங்கள்."

அந்த வசந்தத்தில் சுஷ்மிதா ஒரே ஒரு பெண்ணைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். ஜோனெட் என்பவள். பைஃப் கடற்கரையில் ஒரு மீன்பிடி ஊர். 1649.

காரணம் என்ன என்று செசில் கேட்டபடி இருந்தாள். காரணங்கள் நிறைய இருந்தன. போர். விளைச்சல் பொய்த்த வருடங்கள். பாவத்தை நாட்டிலிருந்து துடைத்துவிட வேண்டும் என்று நினைத்த புதிய திருச்சபை. சூனியத்துக்கு மரணம் என்று எழுதிவைத்த சட்டம். எல்லாவற்றையும் சுஷ்மிதா ஒழுங்காக எழுதினாள். ஆனால் ஊர்த் தாள்களைத் திறந்தால் அங்கே இருந்தது பால். திரளாத வெண்ணெய். வலையில் படாத மீன். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி ஏதோ சொன்னாள், பிறகு பசு செத்தது. இப்படிப் பத்து இருபது வருடம் சேர்ந்த பேச்சு. ஒருநாள் பாதிரியாரும் மூப்பர்களும் கோயிலில் கூடி அதைக் கேட்க உட்கார்ந்தார்கள். எடின்பரோவுக்கு எழுதி, விசாரணை நடத்த அனுமதி வாங்கினார்கள். அது வரும்வரை அவளைத் தூங்கவிடாமல் ஆட்கள் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். ஒருவன் வந்து ஊசியால் உடம்பெங்கும் குத்தினான். எங்கே வலிக்கவில்லையோ அங்கே பிசாசின் அடையாளம். தூக்கம் போனால் யாரும் எதையும் சொல்வார்கள். அவளும் சொன்னாள்.

ஜோனெட் மீதிருந்த குற்றங்களில் ஒன்றை சுஷ்மிதா பலமுறை படித்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நோய். தாய் ஜோனெட்டின் வாசலுக்கு வந்து, முழங்காலில் நின்று, கடவுளின் பேரால் என் பிள்ளையின் சுகத்தைத் திருப்பித் தா என்று மூன்று தரம் கேட்டாள். ஜோனெட் போனாள். குழந்தையின் தலையில் கை வைத்து, கடவுள் சுகம் தரட்டும் என்றாள். மறுநாள் குழந்தை எழுந்து உட்கார்ந்தது. குணமாக்கத் தெரிந்தவளுக்குத்தான் நோயாக்கவும் தெரிந்திருக்கும். எழுதிக்கொண்டார்கள். போகாமல் இருந்த பெண்களும் வேறு ஊர்த் தாள்களில் இருந்தார்கள். அவர்கள் போகாததை எழுதிக்கொண்டார்கள்.

கடைசிக் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான். உன்னோடு வேறு யார் இருந்தார்கள்? அதற்குப் பதில் வந்தால் ஒருத்தி ஐந்து பேராவாள். ஐந்து பேர் இருபது. ஜோனெட் மற்ற எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். இதற்கு மட்டும், தனியாகத்தான் இருந்தேன் என்றாள். திரும்பக் கேட்டார்கள். தனியாகத்தான்.

ஏன், என்று செசில் ஓரத்தில் எழுதி அனுப்பியிருந்தாள். ஆவணங்களில் இல்லை, என்று சுஷ்மிதா பதில் எழுதினாள்.

ஏப்ரலில் கிருஷிகனுக்கு முதல் பல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பல்லுக்கொழுக்கட்டை கொட்டினார்கள். குழந்தையை நடுவில் உட்காரவைத்து, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, கோசலை கொழுக்கட்டைகளை அதன்மேல் கொட்டினாள். அவை உருண்டோடின. குழந்தை ஒன்றைப் பிடித்து வாயில் வைத்தது. பிறகு முன்னால் ஒரு தட்டம் வைத்தார்கள். புத்தகம், பேனை, சங்கிலி, கண்ணாடி, துஷ்யந்தனின் விமான நிலைய அட்டை. எதைத் தொடுகிறதோ அந்த வழியில் போகும்.

கிருஷிகன் தட்டத்தைப் பார்க்கவில்லை. அதைச் சுற்றித் தவழ்ந்து சுஷ்மிதாவிடம் வந்து அவளுடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினான். எல்லோரும் சிரித்தார்கள்.

"புரபெசராத்தான் வரப்போறான்," என்றாள் கோசலை. "பெட்டி தூக்காட்டிச் சரி."

"பெட்டி தூக்கித்தானே அக்கா உங்களுக்கு வீடு," என்றான் துஷ்யந்தன்.

சுஷ்மிதா குழந்தையைத் தூக்கினாள். அவன் கனத்தான். வெதுவெதுப்பாக இருந்தான். ஒரு வாரமாக அவள் தொட்ட முதல் உயிர் அவன்தான்.

"என்ன வெயிட்டு! ரெண்டு ஆள் சாப்பாட்டை நீயே சாப்பிடுறியாடா? தூக்கவே முடியல."

கோசலை எழுந்து வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவனுடைய உள்ளங்காலில் இருந்த பொட்டின்மேல் இன்னும் கொஞ்சம் மை தடவினாள்.

கதவோரக் கதிரையில் இரண்டாம் மாடி மரியமலர் இருந்தாள். விதவை. கோசலையின் சின்னம்மா மகன் குலசேகரம் நடத்தும் சாப்பாட்டுக்கடையில் இடியப்பம் அவிப்பவள். அந்த வாரம்தான் அவளுக்கும் கோசலைக்கும் பிள்ளை வண்டிலைப் படிக்கட்டின் கீழ் விடுவது பற்றி வாக்குவாதம் நடந்திருந்தது. "உந்த வண்டிலாலை ஒருநாள் இஞ்சை கெடுதிதான் வரப்போகுது" என்று மலர் சொல்லியிருந்தாள். இருந்தாலும் அழைத்தார்கள். தமிழ் ஆட்களை விட்டுவிட முடியாது. மலர் குழந்தையைப் பார்த்தபடி இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்காட்லாந்துக்காரர்களிடம் இதற்கென்றே ஒரு சொல் இருந்தது: அளவுக்கு மீறிப் புகழ்ந்து ஒருவரை நோயில் தள்ளுவது. என் தாய்மொழியில் இதை நாவூறு என்பார்கள் என்று சுஷ்மிதா அடிக்குறிப்பு எழுதியிருந்தாள். அந்த வாரம்தான் எழுதினாள். திருச்சியில் அவளுடைய அம்மா இருந்திருந்தால் வாயில் அடித்திருப்பாள்.

கொழுக்கட்டை வைத்த தட்டோடு அவள் தன் அறைக்குத் திரும்பினாள்.

குழந்தைக்கு வாந்தி தொடங்கியது திங்கட்கிழமை. செவ்வாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று ஜிஸ்லேன் சொன்னாள். குடலில் கிருமி, இந்தப் பருவத்தில் பாதிப் பள்ளிக்கூடங்களில் அதுதான், என்றாள்.

சுஷ்மிதா தட்டைக் கழுவி, சுண்டல் செய்து வைத்து, எதிர்க்கதவைத் தட்டினாள். உள்ளே தொலைக்காட்சி ஓடியது. காலடிகள் கதவுவரை வந்தன. கதவிலிருந்த சின்னக் கண்ணாடித் துளை இருண்டது. பிறகு வெளிச்சமானது. காலடிகள் திரும்பிப் போயின.

அவள் சுண்டலோடு கொஞ்ச நேரம் நின்றாள். குழந்தை தூங்குகிறது போல என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். புதன்கிழமையும் போனாள். துளை இருண்டது, வெளிச்சமானது. வியாழக்கிழமை சுண்டலைக் கொட்டினாள்.

வெள்ளிக்கிழமை வெளியே போகக் கதவைத் திறந்தபோது வாசலில் கால்மிதியைக் காணவில்லை. சாதாரண நார்மிதி. யாருக்கும் வேண்டியிராத பொருள். இரண்டாம் மாடியில் மரியமலர் தன் வாசலைப் பார்த்தபடி நின்றாள்.

"மிஸ், உங்கடை கால்மிதி இருக்குதோ?"

"இல்ல மலர்க்கா. காணோம்."

"என்ரையும் போட்டுது. பாருங்கோவன், கால் துடைக்கிற சாமானை எடுக்கிற அளவுக்குக் கள்ளருக்குப் பஞ்சம் வந்திட்டுது." மலர் சிரித்தாள். அவள் சிரித்து சுஷ்மிதா பார்த்ததில்லை. "ஜிஸ்லேன்ரை கிடக்குதோ?"

"கிடக்கு."

"அப்ப தமிழ்க் கள்ளன்தான்."

சுஷ்மிதா சிரிக்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. நாவூறு கழிக்கச் சந்தேகப்பட்டவரின் காலடி மண் வேண்டும். நாலாம் மாடியில் மண் ஏது.

பொழுதுபடும் நேரத்தில் எதிர்வீட்டில் புகை மணி அலறியது. போன வருடம் சட்டம் வந்தபோது வீட்டுக்காரர்கள் எல்லாக் கூரையிலும் ஒட்டிவிட்டுப் போன வட்டமான கருவி. சுஷ்மிதா கதவைத் திறந்தாள். ஜிஸ்லேனும் திறந்தாள். எதிர்க்கதவு அகலத் திறந்திருந்தது. துஷ்யந்தன் ஒரு துவாயைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டிருந்தான். எரிந்த மிளகாயும் எரிந்த நாரும் மாடிப்படிவரை நிறைந்தன. ஜிஸ்லேன் இருமினாள். பூனை தும்மியது. சுஷ்மிதாவின் கண்ணிலிருந்து நீர் வடிந்தது.

உள்ளேயிருந்து கோசலையின் குரல் கேட்டது. "பாத்தியோ? கமறேல்லை! இவ்வளவு மிளகாய்க்கும் ஒரு துளி கமறல் இல்லை! நான் சொன்னனான்தானே!"

"ஓமக்கா," என்றான் துஷ்யந்தன், இருமிக்கொண்டே.

மணி அலறிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்தில் உள்ளதைச் சொன்னது அது மட்டும்தான். துஷ்யந்தன் கதிரையில் ஏறி அதைக் கழற்றினான். திரும்பியபோது சுஷ்மிதாவைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு கதவைச் சாத்தினான்.

அவள் மேசையில் போய் உட்கார்ந்தாள். ஊசி குத்தி வலிக்காவிட்டால் அடையாளம். மிளகாய் எரிந்து கமறாவிட்டால் அடையாளம். வலித்ததா, கமறியதா என்பதைக் குத்துகிறவர்தான் சொல்ல வேண்டும். நல்ல ஒப்புமை. எழுதிக்கொள்ளலாம். அவள் எழுதவில்லை.

மறுநாள் மத்தியானம் சாம்பவி வந்து தட்டினாள். வேலைக்குப் போகவில்லை. கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. வாசலுக்கு வெளியே நின்றாள்.

"உள்ள வா, சாம்பவி."

"இல்லையக்கா. கிருஷிகன் இன்னும் ஒண்டும் குடிக்கிறானில்லை. பால் வைச்சாச் சத்தி. உப்புக் கரைசல் மட்டும் கரண்டியாலை பருக்கிறன்."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"கஸ்த்ரோ எண்டுதான், குடல் கிருமி. நாலஞ்சு நாள் இருக்கும், பிறகு விட்டிடும் எண்டு. இண்டைக்கு ஆறாம் நாள்." அவள் சுவரைப் பார்த்தாள். "அக்கா, நான் பார்மசியிலை வேலை செய்யிறவள். உதை நம்புறேல்லை. சொன்னா என்ரை ஆக்கள் சிரிப்பினம்."

"சொல்லு."

"மச்சாள் வரச் சொன்னவ. சொன்ன வாயாலையே மூண்டு தரம் துப்பிவிட்டா எடுபட்டிடுமாம். கோவிக்காதேங்கோ. எனக்கு வேற என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை." அவள் அழுதாள். சத்தமில்லாமல் கண்ணீர் மட்டும் ஓடியது. "ப்ளீஸ் அக்கா. ப்ளீஸ்."

சுஷ்மிதா அவளைப் பார்த்தாள். முழங்காலில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

நாளைக்குக் குழந்தைக்குச் சரியாகிவிடும். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. போனால், துப்பினதால் சரியானது என்பார்கள். இனி அந்தக் குழந்தையை அவள் கையில் தரமாட்டார்கள். போகாவிட்டால், கேட்டும் வராதவள் என்பார்கள். கதவு இரண்டு வழியிலும் மூடத்தான் போகிறது. மூடாமல் வைக்க ஏதாவது சொல் இருக்கிறதா என்று தேடினாள். பன்னிரண்டு வருடம் படித்த எதிலும் அப்படி ஒரு சொல் இல்லை.

"வர்றேன்," என்றாள். மேசையிலிருந்து தட்டை எடுத்தாள். அது வெறுமையாக இருந்தது. திரும்ப வைத்தாள்.

கோசலை கூடத்தில் நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கிருஷிகன். இளைத்திருந்தான். கண் பெரிதாகத் தெரிந்தது. சுஷ்மிதாவைப் பார்த்ததும் கையை நீட்டினான். கோசலை அந்தக் கையைப் பிடித்துத் துணிக்குள் வைத்தாள்.

"இரு பிள்ளை."

சுஷ்மிதா எதிரே உட்கார்ந்தாள். சாம்பவி சுவரோடு நின்றாள். துஷ்யந்தன் வேலைக்குப் போயிருந்தான், அல்லது போகச் சொல்லியிருந்தார்கள்.

"உன்னிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை," என்றாள் கோசலை. "நீ வஞ்சகம் இல்லாத பிள்ளை. எனக்குத் தெரியும். ஆனா நாக்கு எங்கடை சொல்லுக் கேக்காது. சில பேருக்குத் தங்களுக்கே தெரியாது."

"அக்கா, இது வைரஸ்."

"ஓம், வைரஸ்தான். ஆர் இல்லையெண்டது? லா ஷப்பல் முழுக்கப் பிள்ளையள். அது ஏன் அவங்கள் ஒருத்தருக்கும் வராமல், படியேறி நாலாம் மாடிக்கு வந்தது? கொழுக்கட்டை கொட்டின அடுத்த நாள் ஏன் வந்தது? நீ படிச்சனி, சொல்லு."

இந்தக் கேள்வியைப் பற்றி சுஷ்மிதா பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். நோய்க்குக் காரணம் தெரிந்தவர்களும் தமக்கு ஏன் வந்தது என்று கேட்பார்கள் என்று. கேள்வியை நன்றாக விளக்கியிருந்தாள். பதில் எழுதவில்லை.

"தற்செயல்தான்க்கா."

"தற்செயல்," என்றாள் கோசலை, பொறுமையாக. கொஞ்சம் முன்னால் குனிந்தாள். குரல் இறங்கியது. "கேள். நேத்து நான் ஒரு பிழை விட்டிட்டன். ரெண்டு கால்மிதியிலையும் நார் பிடுங்கி ஒண்டாப் போட்டு எரிச்சுப்போட்டன். வேற வேறயா எரிச்சிருக்கோணும். கண்ணூறு உண்மை எண்டு தெரிஞ்சுது. ஆற்றை கண்ணூறு எண்டு தெரியேல்லை."

"மலர்க்கா ஒண்ணுமே சொல்லலியே."

"அதுதான் பிள்ளை. நீ சிரிச்சுக்கொண்டு சொன்னனி. அவள் பேசாமல் பாத்தவள். சிரிச்சுச் சொல்லுறதிலை பாதி விசம் போயிடும். பேசாமல் பாக்கிறது முழுக்க இறங்கும். வண்டிலுக்காக அண்டைக்கு என்ன சொன்னவள்? கெடுதி வருமெண்டவளோ இல்லையோ?"

சாம்பவி பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தாள். கோசலை அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ எங்கடை வீட்டிலை ஒராள் மாதிரி," என்றாள். "ஞாயிற்றுக்கிழமை உனக்கெண்டு ஒரு பிடி அரிசி கூடப் போடுறனான். நீ இல்லை எண்டு உன்ரை வாயாலை சொல்லு. நான் நம்புறன். வேற ஒண்டும் கேக்கமாட்டன்."

"நான் இல்லைன்னா?"

"அப்ப அவள்தானே. கீழை போய்க் கூட்டிக்கொண்டு வாறன். துப்பிப்போட்டுப் போகட்டும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? குலசேகரத்துக்குச் சொல்லத்தானே வேணும். அவன்ரை சாப்பாட்டுக்கடை. கண்ணூறு உள்ளவள் அவிச்ச இடியப்பத்தை ஆர் வாங்குவினம்?"

வெளியே ரயில் ஒன்று போனது. கண்ணாடிச் சன்னல் அதிர்ந்து நின்றது. குழந்தை துணிக்குள்ளிருந்து கையை மெல்ல வெளியே எடுத்து, சுஷ்மிதாவின் மூக்குக்கண்ணாடியை நோக்கி விரல்களை மடக்கி விரித்தான்.

ஒரே ஒரு சொல் போதும். இல்லை. அது பொய்யும் இல்லை. அவள் யாருக்கும் எதுவும் செய்யவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. சோறு, பருப்பு, துஷ்யந்தனின் பகிடி, கனக்கும் குழந்தை. அவள் அந்த வீட்டை எவ்வளவு விரும்பினாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"நான்தான்க்கா," என்றாள். "எனக்குச் சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். ஊர்ல எங்கம்மா என்னைக் குழந்தைங்க பக்கத்துல விடமாட்டாங்க."

கோசலை நிமிர்ந்தாள்.

"அவளும் பாத்தவள்தானே?"

"இல்ல. நான் மட்டும்தான்."

"வடிவா யோசிச்சுச் சொல்லு."

"நான் மட்டும்தான்."

கோசலை அவளை நெடுநேரம் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ ஒன்று பின்வாங்கிப் போவது தெரிந்தது, அவ்வளவுதான். பிறகு குழந்தையைச் சற்று முன்னால் பிடித்தாள்.

"மூண்டு தரம்."

சுஷ்மிதா குனிந்தாள். குழந்தையின் தலையில் எண்ணெயும் புளித்த பாலும் மணத்தன. தூ, என்றாள். தூ. தூ. மூன்றாவதில் உண்மையாகவே ஒரு துளி தெறித்தது. கிருஷிகன் கண்ணை மூடித் திறந்தான். அழவில்லை. அவளைப் பார்த்து அந்த ஒற்றைப் பல் தெரியச் சிரித்தான்.

சாம்பவி "தாங்க்ஸ் அக்கா" என்றாள். நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சுவருக்கு அப்பால் குழந்தை கத்தியது, பசித்த குழந்தையின் கத்தல். பிறகு தட்டில் கரண்டியால் அடிக்கும் சத்தம். மத்தியானம் யாரும் தட்டவில்லை. அவள் உடுத்திக்கொண்டு காத்திருந்தாள், மூன்று மணி வரை.

கதவைத் திறந்தபோது வாசலில் புதிய கால்மிதி கிடந்தது. நல்லதாகவே வாங்கியிருந்தார்கள். மேல் உறைகூடக் கழற்றவில்லை. கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே தயிர் வாங்கிய வெள்ளை டப்பாவில் சோறும் பருப்பும் கறியும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பை வந்தது. கோசலை மனிதத்தன்மை இல்லாதவள் அல்ல. கண்ணூறு உள்ளவளைப் பட்டினி போடவும் கூடாது. ஒருமுறை படிக்கட்டில் எதிர்ப்பட்டபோது சுஷ்மிதா கேட்டாள்.

"டப்பா நிறைய சேர்ந்திருக்குக்கா. கழுவி வச்சிருக்கேன். கொண்டுவந்து தரட்டுமா?"

"வேண்டாம் பிள்ளை," என்றாள் கோசலை. "எறிஞ்சுவிடு. எறியத்தான் அதிலை போடுறது."

துஷ்யந்தன் எதிர்ப்பட்டால் மரியாதையாக வணக்கம் சொன்னான். சுவரோடு ஒட்டி நின்று அவளுக்கு வழி விட்டான். கையில் குழந்தை இருந்தால் போர்வையை இழுத்து அதன் முகத்தை மூடினான். கிருஷிகன் போர்வைக்குள் சிணுங்கினான்.

ஜூனில் அத்தியாயம் முடிந்தது. ஏன், என்ற செசிலின் கேள்வி ஓரத்தில் அப்படியே இருந்தது. சுஷ்மிதா அதற்கு ஒன்றும் எழுதாமல் அனுப்பினாள்.

அன்று மாலை குலசேகரத்தின் கடைக்குப் போனாள். மழை பெய்து விட்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மரியமலர் ஆவி பறக்க இடியப்பம் எடுத்துக்கொண்டிருந்தாள். கடையில் வேறு ஆள் இல்லை.

"பத்து இடியப்பம், மலர்க்கா. சொதியும்."

"ஓம் மிஸ்."

மலர் கட்டினாள். பையை நீட்டப் போனவள் நிறுத்தி, மேசையில் வைத்தாள். விரலால் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். சுஷ்மிதா காசை நீட்டினாள். மலர் கையை எடுத்துக்கொண்டாள்.

"அதிலை வையுங்கோ, மிஸ்."

சுஷ்மிதா வைத்தாள்.

"கோவிக்காதேங்கோ," என்றாள் மலர். "நான் உதுகளை நம்புறவள் இல்லை. கோயிலிலையும் பாதர் நம்பவேண்டாம் எண்டுதான் சொல்லுறவர். ஆனா எனக்கு இது வேலை. சனம் பாத்தா ஏதும் கதைக்கும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்கள் உங்கடை வாயாலேயே சொன்னதாம் எண்டு கோசலை சொல்லுறா. ஏன் மிஸ் சொன்னனீங்கள்? கேட்டா இல்லையெண்டு சொல்லுறதுதானே."

சுஷ்மிதா பையை எடுத்தாள். அடிப்புறம் சுட்டது.

"கேட்டாங்க," என்றாள். "சொல்லிட்டேன்."

"பாவம்," என்றாள் மலர். ஒரு இடியப்பத்தை எடுத்து, தாளில் சுற்றி, அதையும் மேசையில் வைத்துத் தள்ளினாள். "இது சும்மா. கொண்டுபோங்கோ."

நாலு மாடி ஏறினாள். எதிர்க்கதவுத் துளையில் வெளிச்சம் இருந்தது. அவள் சாவியைத் தேடும்போது இருண்டது. உள்ளே போய் அலமாரியிலிருந்து தட்டை எடுத்தாள். கோசலையின் தட்டு, கொழுக்கட்டை வைத்துத் தந்தது. அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை.

பதினொரு இடியப்பத்தையும் அதில் அடுக்கினாள். சொதியை ஊற்றினாள். ஒருத்திக்கு அது மிக அதிகம். சன்னலருகே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.